கொம்பொசிட் டெக்கில் படியும் கறைகள்: வாசகர் கேள்வி – பதில்

பனி கரைந்து பின்வளவுக் கதவைத் திறக்கும் காலம் வந்துவிட்டால், இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பங்கு, வீட்டை ஒட்டிப் பின்வளவில் பலகைகளால் அமைக்கும் மேடையான டெக்கைப் பற்றியதாகவே இருக்கிறது. ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் நம்மவர்களில் பலர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டியிருந்த மரப்பலகைகளைக் கழற்றிவிட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யப்படும் கொம்பொசிட் பலகைகளுக்கு மாறியிருக்கிறார்கள். பராமரிப்பு வேலை மிகக் குறைவு என்ற நம்பிக்கையில் வாங்கிய பலகையில் கறையைக் கண்டதும் பதற்றம் வருவது இயல்பே. ஆனால் இம்முறை வந்த கடிதங்களை வாசித்தபோது, கறை செய்த சேதத்தைவிட அதை அகற்றுவதற்காக ஊற்றியவை செய்த சேதமே பல வீடுகளில் பெரிதாக இருப்பது தெரிந்தது. ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதுமாக இந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீட்டில் முன்னைய உரிமையாளர் கட்டிய பழைய கொம்பொசிட் டெக் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இளவேனிலிலும் பலகைகள் முழுவதும் மிளகு தூவியதுபோலக் கறுத்த புள்ளிகள் தோன்றுகின்றன. சென்ற ஆண்டு பிளீச் ஊற்றிக் கழுவினேன், பளிச்சென்று வந்தது. இந்த ஆண்டு மீண்டும் அதே புள்ளிகள். பலகையும் இடையிடையே வெளிறிப்போயிருக்கிறது. பலகையே பழுதாகிவிட்டதா? (வாசகர், ஏஜாக்ஸ்)

பதில்: பலகை பழுதாகவில்லை. ஆனால் அது எந்தத் தலைமுறைப் பலகை என்பதை முதலில் நீங்கள் அறிய வேண்டும். அதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். டெக்கின் ஓரத்திலோ படிக்கட்டின் பக்கத்திலோ பலகையின் வெட்டுமுனை தெரியும் இடமொன்றைத் தேடிப் பாருங்கள். நடுப்பகுதி ஒரு நிறமாகவும், அதைச் சுற்றி மெல்லிய தோல் போன்ற வேறொரு படை ஒட்டியும் இருந்தால் அது மேலுறையிட்ட பலகை. மேலிருந்து அடிவரை ஒரே நிறமாக, உடைத்த பிஸ்கட்டின் உட்புறத்தைப் போலச் சொரசொரப்பாக இருந்தால் அது மேலுறை இல்லாத பலகை. 1990களில் வட அமெரிக்கச் சந்தையில் பரவத் தொடங்கியவை இந்த இரண்டாவது வகையே. பிளாஸ்டிக் உறை முழுமையாகப் போர்த்திய பலகைகள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் முதல் தலைமுறைப் பலகையாகவே இருக்கும்.

மேலுறை இல்லாத பலகையின் மேற்பரப்பில் மரத்தூள் வெளியே தெரியும்படியே கிடக்கிறது. பிளாஸ்டிக் அதைச் சுற்றிப் பிடித்திருந்தாலும், முழுவதுமாக மூடிவிடுவதில்லை. மழையிலும் உருகும் பனியிலும் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சுகிறது. மே மாதத்தில் மரங்கள் உதிர்க்கும் மகரந்தமும், பலகை இடுக்குகளில் அழுகும் மேப்பிள் இலைகளும் அந்த ஈரத்தின் மேல் படிகின்றன. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல உணவு வேண்டியதில்லை. நீங்கள் ஊற்றிய குளோரின் பிளீச் மேற்பரப்பில் தெரிந்த கறுப்பு நிறத்தை வெளுக்கச் செய்தது; அதனால் புள்ளிகள் ஒழிந்துவிட்டதாகத் தோன்றியது. உள்ளே நார்களுக்கிடையில் இருந்தது அங்கேயே இருந்தது. அதோடு, அந்தப் பிளீச் மரத்தூளின் நிறத்தையும் வெளுத்துவிட்டது. இடையிடையே நீங்கள் காணும் வெளிறிய திட்டுகள் அதன் விளைவுதான். அவற்றை எந்தத் திரவத்தாலும் பழைய நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. சுற்றியுள்ள பலகையும் வெயிலில் மங்கி வரும்போது வேறுபாடு ஓரளவு குறையும்.

இனிமேல் குளோரின் பிளீச்சை விட்டுவிட்டு ஒக்சிஜன் பிளீச் எனப்படும் வெள்ளைத் தூளைப் பயன்படுத்துங்கள். சோடியம் பெர்கார்பனேற் என்ற பெயர் பொதியின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெரொக்சைட்டாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. முதலாவது பூஞ்சணத்தைத் தாக்குகிறது. இரண்டாவது அதைப் பற்றிப் பிடித்திருக்கும் ஊத்தையையும் பிசுக்கையும் இளக்குகிறது. வெந்நீரில் கரைத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். பொதியில் வேறு அளவு குறிப்பிட்டிராவிட்டால் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பைத் தூள் போதுமானது. கரைத்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும்; மூடிய போத்தலில் அடைத்து வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கக்கூடும்.

வேலையைத் தொடங்குமுன் டெக்கின் மேலுள்ளவற்றை எல்லாம் இறக்கிவிட்டுக் கூட்டுங்கள். அதன் பிறகு, பலர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. பலகைகளுக்கிடையிலான இடுக்குகளில் இறுகிக் கிடக்கும் இலையையும் மண்ணையும் மெல்லிய பிளாஸ்டிக் தகடொன்றால் கிளறி வெளியே எடுக்க வேண்டும். அந்த இடுக்குகள் அடைபட்டிருக்கும்வரை பலகையின் ஓரங்கள் காய்வதே இல்லை. மேலே எத்தனை முறை கழுவினாலும் பூஞ்சணம் அந்த ஓரங்களிலிருந்தே மீண்டும் பரவும். பின்பு பலகைகளை நனைத்து, கரைசலை ஊற்றி, மென்மையான நைலோன் புருசால் பலகையின் நீளவாக்கில் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் கரைசல் காய்ந்துபோகக் கூடாது என்பதால், உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ, ஒரு தடவைக்கு ஐந்தாறு பலகைகள் என்ற அளவில் செய்வதே நல்லது. கடைசியாக, ஓடும் தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். கழுவி முடித்தும் டெக் புகைபடிந்ததுபோலத் தெரிகிறது என்று எழுதுபவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்: புருசு இளக்கிய ஊத்தை அலசப்படாமல் அதே பலகையில் மறுபடி காய்ந்துவிட்டது.

இப்படிச் செய்தாலும் அடுத்த ஆண்டு சில புள்ளிகள் வரத்தான் செய்யும். மேலுறையற்ற பலகையின் இயல்பு அது. இளவேனிலில் மகரந்தம் உதிர்ந்து முடிந்த பிறகு ஒருமுறையும், இலையுதிர்காலத்தில் இலைகள் விழுந்து முடிந்த பிறகு ஒருமுறையும் கழுவுவதை வழக்கமாக்கிக்கொண்டால், அவை பரவி முற்றுமுன் அகற்றிவிடலாம். டெக்கின் அடியில் காற்று புக முடியாதபடி சுற்றிவரப் பலகை அடித்து மூடியிருந்தால், அதில் சில இடங்களையேனும் வலையாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்குப் பின்வளவில் விருந்து வைத்தோம். கோழிக்கறிச் சட்டியைத் தூக்கிய மாமியின் கை தவறி, கறி முழுவதும் டெக்கில் கொட்டிவிட்டது. உடனே துடைத்துவிட்டு மறுநாள் சலவைத்தூள் போட்டுக் கழுவினேன். மஞ்சளாக இருந்த இடம் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது; கழுவக் கழுவச் சிவக்கிறது. கட்டி ஓராண்டுதான் ஆகிறது. மாமி இன்னும் மனம் வருந்திக்கொண்டிருக்கிறார். (வாசகி, மார்க்கம்)

பதில்: மாமியை முதலில் தேற்றுங்கள், இந்தக் கறை போகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வரும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. உங்கள் டெக்கிலும் நடந்தது அதுவே. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தன்மையுள்ள எதைச் சந்தித்தாலும் செம்பழுப்பாக மாறும். சலவைத்தூள் நல்ல காரம். கறை ஆழமாகிவிட்டது என்றோ பலகை வெந்துவிட்டது என்றோ அதற்குப் பொருளில்லை. சிறிதளவு வெள்ளை வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஒரு துணியால் அந்த இடத்தில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு மீண்டும் மஞ்சளாவதைக் கண்ணெதிரே காண்பீர்கள். வினாகிரி கறையை அகற்றாது. ஆனால் அது மஞ்சள்தான் என்பதை உறுதிப்படுத்திவிடும்.

கறிக்கறையில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன: எண்ணெய், நிறம். குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் பலகையில் இருக்கும்வரை நிறமும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எனவே முதல் வேலை எண்ணெயை எடுப்பது. கோப்பை கழுவும் திரவச் சவர்க்காரத்தை வெந்நீரில் கலந்து, மென்மையான புருசால் பலகையின் நீளவாக்கில் தேய்த்து, நுரையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடியும் அதையே செய்யுங்கள். நுரையோடு அழுக்கைப் பலகை முழுவதும் பரப்பாமல், ஒற்றி எடுப்பதுதான் இதில் முக்கியம். சலவைத்தூளைவிட இந்தத் திரவங்களில் காரம் குறைவு. கொழுப்பை இளக்கவே அவை தயாரிக்கப்படுகின்றன. புடைத்த மரவரி போன்ற வடிவம் அழுத்தப்பட்டிருக்கும் பலகையானால் அந்தப் பள்ளங்களில் எண்ணெய் தங்கியிருக்கும். பழைய பற்புருசொன்றால் அவற்றைத் தனியாகத் தேய்க்க வேண்டும்.

எண்ணெய் போனபின் எஞ்சும் மஞ்சள் நிறத்தை வெயிலிடம் விட்டுவிடுங்கள். குர்குமின் ஒளியில் சிதையும் பொருள். மஞ்சள் கறை பட்ட வெள்ளைச் சட்டையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டால் நிறம் இறங்குவது அதனாலேதான். மிளகாய்த்தூளின் சிவப்பும் அப்படியே வெயிலில் வெளிறும். அந்த இடத்தின் மேல் கதிரையோ விரிப்போ போடாமல், குடையால் நிழல் விழாமல், ஜூன் மாதத்து வெயில் நேரே படும்படி விடுங்கள். இடையிடையே சாதாரண 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் துணியில் நனைத்துக் கறையின் மேல் சிறிது நேரம் வைத்து, பின்னர் அலசலாம். பொறுமை இழந்து உரசும் கம்பிப் பஞ்சையோ கம்பிப் புருசையோ கையில் எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். உங்களுடையது புதிய பலகை என்பதால் பெரும்பாலும் மேலுறை இருக்கும். அந்த உறை மிகவும் மெல்லியது. உரசிக் கீறிய இடத்தில் பளபளப்பு மாறிவிடும், கீறலில் புதிய ஊத்தை ஏறும். கறை போயிருக்கும், கீறல் டெக் உள்ளவரை இருக்கும்.

மேலுறையில்லாப் பழைய பலகையில் கறி கொட்டினால் நிலைமை சற்றுக் கடினமானது. எண்ணெய் மரத்தூளுக்குள் இறங்கிவிடும் என்பதால், தண்ணீர் தொடுமுன் சோளமாவை அல்லது பூனைக்குப் போடும் களிமண் மணலைத் தடிப்பாகத் தூவி ஓரிரவு விட்டு, எண்ணெயை உறிஞ்சவைத்த பின்பே கழுவ வேண்டும். எந்தப் பலகையானாலும் பாபிகியூ அடுப்பின் கீழே எண்ணெய் தாங்கும் விரிப்பொன்றைப் போட்டு வைப்பது நல்லது. இன்னொன்று: கறைக்கு எதிரான உத்தரவாதம் தரும் சில நிறுவனங்கள், உணவு சிந்தி ஒரு வாரத்துக்குள் கழுவியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. உங்கள் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: புல்வெளியில் களைகொல்லி அடித்த பிறகு டெக்கின் ஓரப் பலகைகளிலும் படியிலும் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் விழுந்திருக்கின்றன. சவர்க்காரத்துக்கும் அசையவில்லை, பிளீச்சுக்கும் அசையவில்லை. (வாசகர், பிரம்ரன்)

பதில்: அவை இரும்புக் கறள். ஒன்ராறியோ மாகாணத்தில் அழகுக்காகப் புல்வெளிகளில் அடிக்கும் இரசாயனப் பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் 2009 ஏப்ரலில் தடைசெய்யப்பட்ட பிறகு, டண்டிலையன் போன்ற களைகளுக்குக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரும்புச் சேர்மம் கலந்த திரவங்களே. அகன்ற இலையுள்ள களை அளவுக்கு மிஞ்சிய இரும்பை உறிஞ்சிக் கறுத்துச் சாகிறது, புல் பிழைத்துக்கொள்கிறது. மனிதருக்கும் நிலத்துக்கும் முன்னையவற்றைவிடத் தீங்கு குறைந்தது என்பதால் இந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் தெளிக்கும்போது காற்றில் பறக்கும் துளிகள் கொங்கிறீற்றிலும் டெக்கிலும் விழுந்து காய்ந்தால், அந்த இரும்பு கறளாகிவிடுகிறது. இரும்பு கலந்த புல் பசளை மணிகள் உருண்டு வந்து ஈரப் பலகையில் கிடந்தாலும், கறள் பிடித்த மேசைக் கால்கள் நனைந்தாலும் இதே பொட்டுகள் வரும். மேலுறையற்ற பலகையில் அந்த இரும்பு மரத்தின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து நீலக்கறுப்பாகவும் மாறும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு.

கறளைச் சவர்க்காரம் இளக்காது; பிளீச் ஊற்றினால் அதை மேலும் உறுதியாகப் பதியவைக்கும். ஒக்சாலிக் அமிலம் ஒன்றுதான் இதற்குச் சரியான மருந்து. அது இரும்போடு இணைந்து தண்ணீரில் கரையக்கூடியதாக அதை மாற்றிவிடுகிறது. மரப்பலகைகளைப் பிரகாசமாக்கும் திரவம் என்று வன்பொருட் கடைகளில் விற்கப்படுபவற்றில் பலவற்றில் இதுதான் முதன்மைச் சேர்மம். முகப்புச் சீட்டில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். கொம்பொசிட் பலகைக்குப் பொருந்துமா என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் பூசி, சீட்டில் சொன்ன நேரம்வரை விட்டு, தாராளமாக அலசுங்கள்.

இந்த அமிலம் நஞ்சு. இறப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகளையும் செல்லப்பிராணிகளையும் வீட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பிளீச் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதால் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்: பிளீச்சின் மேல் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு எழும், அது நுரையீரலைத் தாக்கும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் உள்ள அமோனியாவும் பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயுவைத் தரும். ஆகையால் முதலில் டெக் முழுவதையும் வெறும் தண்ணீரால் நன்றாக அலசி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, அதன் பின்பே அமிலத்தைத் தொடுங்கள். ஓரத்துச் செடிகளை வேலைக்கு முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். நனைந்த மண் வழிந்து வரும் இரசாயனத்தை அவ்வளவாக உறிஞ்சாது. கழுவிய நீர் தெருவோர வடிகாலுக்கு ஓடாமல் பார்ப்பதும் அவசியம். அங்கே விழுவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகள் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போய்ச் சேருகிறது.

அடுத்த முறை களைகொல்லி அடிக்கும்போது, காற்றில்லாத வேளையில் அடித்து, டெக்கில் விழுந்த துளிகளைக் காயுமுன்பே குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீரே போதும்.

கேள்வி: பூப்பாத்தியின் பக்கமாக உள்ள டெக் பலகைகளிலும், வீட்டின் வெள்ளைச் சுவரிலும்கூட, தார் தெறித்ததுபோலச் சின்னஞ்சிறு கறுப்புப் பொட்டுகள். ஒக்சிஜன் பிளீச் பயன்படுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. (வாசகி, விற்பி)

பதில்: ஒரு பொட்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பூஞ்சணமானால் நகத்தில் எதுவும் தட்டுப்படாது. அது மேற்பரப்போடு தட்டையாகப் பரவியிருக்கும், ஓரம் மங்கலாக இருக்கும். உங்களுடையது குண்டூசித் தலையளவில் புடைத்து நின்று, நகத்தால் நெம்பும்போது சிறு செதிலாகக் கழன்று, அடியில் பழுப்பு வட்டமொன்றை விட்டால், அது பூப்பாத்தியில் போட்டிருக்கும் மரப்பட்டை மல்ச்சில் வளரும் ஒருவகைக் காளானின் வித்துப்பொதி. ஸ்பெரோபோலஸ் என்பது அதன் பெயர். அழுகும் மரத்தில் குளிர்ந்த, ஈரமான இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் வளரும் இந்தக் காளான், கிண்ணம் போன்ற தன் உடலைச் சட்டென்று வெளிப்புறமாகப் புரட்டி, வித்துப்பொதியை வெளிச்சம் உள்ள திசையை நோக்கிப் பல மீற்றர் தூரம் எறியும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அதையும் குறிவைக்கிறது. பொதியைச் சூழ்ந்திருக்கும் பசை காய்ந்துவிட்டால் எளிதில் விடாது.

புதிதாக விழுந்தவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிளாஸ்டிக் தகட்டால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். பழையவற்றின் பழுப்பு வட்டம் பெரும்பாலும் எஞ்சும். அதற்காகச் செலவிடும் உழைப்பை மல்ச்சின் மேல் செலவிடுவதே என் ஆலோசனை: வீட்டையும் டெக்கையும் ஒட்டிய பாத்திகளில் மரப்பட்டையை அகற்றிவிட்டுக் கூழாங்கல் பரப்புங்கள். மல்ச் அங்கே இருக்கும்வரை பொட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: டெக்கில் இரண்டு ஆண்டுகளாக விரித்திருந்த கால்மிதியை எடுத்தால், அதே வடிவில் கருமஞ்சள் நிறமாக ஒரு செவ்வகம். எப்படி அகற்றுவது? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: கால்மிதியின் அடிப்புறம் இறப்பராக இருந்திருக்கும். இறப்பர் வெடிக்காமலிருக்கக் கலக்கும் பொருள்கள் வெப்பத்தில் மெல்ல வெளியேறிப் பலகையின் பிளாஸ்டிக்குக்குள் போய்விடுகின்றன. இது மேலே படிந்த கறையன்று; பலகையின் நிறமே மாறியிருக்கிறது. தேய்த்து எடுக்க எதுவுமில்லை. ஒருமுறை கழுவிப் பாருங்கள், ஈரத்தில் தேங்கிய ஊத்தையும் கலந்திருந்தால் அது போகும். எஞ்சியது வெயிலில் மங்கலாம், மங்காமலும் போகலாம். கண்ணை உறுத்தினால் அந்தப் பலகைகளைக் கழற்றி, மறைவான மூலையிலுள்ள பலகைகளோடு இடம் மாற்றுவது ஒரு வழி. மறைவான பூட்டுகளால் பொருத்திய டெக்கில் அதற்குத் தச்சரின் உதவி தேவைப்படும். இனி விரிப்பதானால் தண்ணீர் ஊடுருவக்கூடிய, பொலிபுரொப்பிலீன் நாரால் பின்னிய விரிப்பை வாங்கி, மழைக்குப் பின் தூக்கிக் காயவிடுங்கள். பூந்தொட்டிகளையும் சிறு கால்களின் மேல் உயர்த்தி வையுங்கள்.

மரத்தூள் கலக்காமல் முழுவதும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் செய்த பலகையுள்ளவர்கள் நுளம்புத் தெளிப்பையும் கவனிக்க வேண்டும். அவற்றிலுள்ள டீட் என்ற பொருள் பிவிசியை இளக்கும். பிள்ளைகளுக்கு அடிக்கும்போது அவர்களைப் புல்லில் நிறுத்தி அடித்தால் டெக்கில் காலடி வடிவில் திட்டு விழாது.

கேள்வி: மகன் பிரஷர் வோஷர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் டெக்கைக் கழுவி முடிப்போம் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகர், மிசிசாகா)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மேலுறையில்லாப் பழைய பலகையென்றால் வேண்டாம். தண்ணீரின் வேகம் மரத்தூளைப் பெயர்த்தெடுத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும், அதன்பின் ஊத்தை முன்னையதைவிட வேகமாக ஏறும். மேலுறையிட்ட பலகையென்றால், தயாரித்த நிறுவனம் அனுமதித்திருக்கும் அளவுக்குள் பயன்படுத்தலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் அந்த அளவு வேறுபடும். அதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அகன்ற விசிறியாகத் தண்ணீர் வரும் முனையைப் பொருத்தி, அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 1500 இறாத்தலுக்குள் வைத்து, பலகையிலிருந்து ஓரடிக்குக் குறையாமல் பிடித்து, பலகையின் நீளவாக்கில் நிற்காமல் நகர்ந்துகொண்டே அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கோடு விழும். ஆனால் இந்தப் பொறி சவர்க்காரமும் புருசும் இளக்கிய ஊத்தையை விரைவாக அலசுவதற்கே உதவும். கறிக்கறையையும் கறளையும் அது அகற்றாது. சுவரோரம் அடிக்கும்போது தண்ணீர் வீட்டுச் சுவரின் பலகைகளுக்குள் மேல்நோக்கிப் புகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பனிக்காலம் முழுவதும் உப்புப் போட்டோம். இப்போது டெக்கில் வெள்ளைப் படலம். (வாசகி, பிக்கரிங்)

பதில்: உப்புத்தான், வெந்நீரால் இரண்டு மூன்று முறை அலசினால் போதும். குளிர்ந்த நீர் மெதுவாகக் கரைக்கும். மணல் போடுவதைத் தவிருங்கள். காலடியில் அது பலகையைத் தேய்க்கும். நிறமூட்டிய உப்பையும் வாங்க வேண்டாம், அந்த நிறம் தங்கக்கூடும். பனி அள்ளுவதற்குப் பிளாஸ்டிக் சவளைப் பயன்படுத்தி, பலகையின் குறுக்கே தள்ளாமல் நீளவாக்கில் தள்ளுங்கள்.

கேள்வி: தைப்பொங்கலன்று டெக்கில் சிறிய காஸ் அடுப்பு வைத்துப் பொங்கினோம். பால் பொங்கி வழிந்த இடம் கழுவியும் மங்கலாக இருக்கிறது. அடுப்பு இருந்த இடத்தில் பலகை பளபளத்து, கொஞ்சம் குழிந்தும் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சுத்தம் செய்வது? (வாசகி, மில்ரன்)

பதில்: பால் வழிந்த இடத்தைக் கோப்பை கழுவும் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு தேய்த்து, பின் முதற் கேள்விக்குச் சொன்ன ஒக்சிஜன் பிளீச்சால் ஒருமுறை கழுவுங்கள். கொதிநீர் ஊற்ற வேண்டாம். பாலின் புரதம் சூட்டில் இறுகும். சர்க்கரையும் பாலும் இடுக்குகளில் வழிந்திருக்கும் என்பதால் அவற்றையும் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் பூஞ்சணமும் அங்கேயே தொடங்கும்.

குழிந்த இடம் கறையன்று. இப்பலகைகளில் பெரும்பாலானவற்றில் உள்ள பிளாஸ்டிக் பொலிஎதிலீன். அதன் வகையைப் பொறுத்து 105 முதல் 135 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். அடுப்பின் அடிப்பகுதிச் சூடு அதற்குப் போதும். உருகி இறுகிய இடத்தைத் தேய்த்தோ உரசுதாள் போட்டோ சரிசெய்ய முயன்றால் மேலுறை கிழிந்து உள்ளே ஈரம் புகும். அப்படியே விட்டுவிடுங்கள், அல்லது அந்த ஒரு பலகையை மாற்றுங்கள். கண்ணாடிக் கதவுக்கு எதிரே உள்ள பலகைகள் அடுப்பே வைக்காமல் இப்படி வளைந்திருந்தால், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுப் பூசிய யன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் காரணமாக இருக்கலாம். அங்கே வெளிப்புற வலை பொருத்த வேண்டும்.

டெக்கின் மேல் அடுப்பு எரிப்பது பலகையின் அழகோடு முடியும் விடயமுமன்று. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை எரியக்கூடியது. வீட்டுச் சுவரை ஒட்டியே அது நிற்கிறது. அடுத்த தைப்பொங்கலுக்குப் பின்வளவில் கல் பதித்த இடத்திலோ வாகனப் பாதையின் கொங்கிறீற்றிலோ பனியை அள்ளி ஒதுக்கிவிட்டு, அங்கே அடுப்பை வையுங்கள். கராஜுக்குள்ளே வைத்துக் கதவை மூடிவிடாதீர்கள். காஸ் அடுப்பிலிருந்து எழும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.